ஹேங்கிங் ராக் மலையில் காணாமல் போனது யார்?

எங்கள் மாலை வகுப்பில் மாதம் ஒரு படம் போடுவோம். பெரும்பாலும் தமிழ், மலையாளம், மராத்திப் படங்கள்தான். போன மாதம் ஒரு மாணவர், "அக்கா, ஒரு தடவையாவது பேய்ப்படம் போடுங்க" என்று கேட்டார். சரி என்று நான் கொண்டுபோனது 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'. பீட்டர் வியர் இயக்கி 1975இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படம். கேட்டவருக்கு ஏமாற்றம்தான். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, திடுக்கென்று கதவு சாத்தும் சத்தம்கூடக் கிடையாது. ஆனாலும் படம் முடிந்து விளக்கைப் போட்டபோது கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலாண்டு படிக்கும் ஒரு பெண்தான் முதலில் பேசினார். "வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி அந்த மலைப்பக்கம் யாருமே இல்லையா அக்கா?"

அன்றைக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1900 பிப்ரவரி 14, காதலர் தினம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பணக்காரப் பெண்கள் தங்கிப் படிக்கும் ஆப்பிள்யார்டு கல்லூரியிலிருந்து மாணவிகள் ஹேங்கிங் ராக் என்ற பாறை மலைக்குச் சுற்றுலா போகிறார்கள். நடுப்பகல் 12 மணிக்குக் கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. மிராண்டா, மரியன், இர்மா, ஈடித் என்ற நான்கு பேர் மலை ஏறுகிறார்கள். மூன்று பேர் காலுறைகளைக் கழற்றிவிட்டு, தூக்கத்தில் நடப்பவர்களைப்போலப் பாறை இடுக்குக்குள் போகிறார்கள். ஈடித் மட்டும் அலறியடித்துக்கொண்டு கீழே ஓடி வருகிறாள். கணக்கு ஆசிரியை ஒருவரும் காணாமல் போகிறார். ஒரு வாரம் கழித்து இர்மா உயிரோடு கிடைக்கிறாள், ஆனால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட் கல்யாணப் பெண்ணின் முகத்திரைத் துணியை லென்ஸில் மாட்டி எடுத்தார். அதனால்தான் அந்த வெளிச்சம் கனவில் வருவதுபோல இருக்கிறது. கூடவே ருமேனியக் கலைஞர் ஜார்ஜ் சாம்ஃபிரின் குழலிசை. கேக்கில் எறும்பு ஊர்கிறது, பாறைமேல் பல்லி அசையாமல் இருக்கிறது. அவ்வளவுதான், நமக்கு அடிவயிறு கலங்குகிறது. எனக்கு இந்தப் படம் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த படத்திடம்தான் நிறையக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இது உண்மைக் கதை என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி நம்பவைத்தது ஜோன் லிண்ட்சேயின் சாமர்த்தியம். 1967இல் வெளிவந்த அவருடைய நாவல்தான் படத்துக்கு மூலம். உண்மையா கற்பனையா என்பதை அவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். படமும் தொடக்கத்திலேயே, 1900 பிப்ரவரி 14 சனிக்கிழமையன்று இப்படி நடந்தது என்று செய்தி அறிக்கைபோல எழுத்தில் காட்டுகிறது. காலண்டரை எடுத்துப் பாருங்கள், அந்த நாள் புதன்கிழமை. அந்த மலையில் அப்படி மாணவிகள் காணாமல் போனதாக எந்தப் பதிவும் கிடையாது. லிண்ட்சே 1984இல் இறந்த பிறகு, அவர் எழுதி நாவலில் சேர்க்காமல் விட்ட கடைசி அத்தியாயம் 1987இல் வெளிவந்தது. அதிலும் மாயம்தான் இருந்தது, விளக்கம் இல்லை.

ஆக, நடக்காத ஒரு மறைவுக்காக ஒரு நாடு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துக்கம் காக்கிறது. இன்றும் அங்கே போகும் பயணிகள் பாறைக்கு நடுவில் நின்று "மிராண்டா!" என்று கத்துகிறார்களாம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

மெல்போர்னிலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த மலை. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கெட்டியான எரிமலைக் குழம்பு பிதுங்கி இறுகி, வெடித்து, அரிக்கப்பட்டு உருவானது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். வெள்ளைக்கார நில அளவையாளர் அதற்கு ஒரு கிரேக்கத் தத்துவவாதியின் பெயரை வைத்து டயோஜனஸ் மலை என்றார். அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. இருந்தது. ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் பிளாண்டோவ்ஸ்கி 1850களில் காதில் விழுந்தபடி ஒரு பெயரை எழுதிவைத்தார். அதன் சரியான உச்சரிப்பு ஙன்னெலாங் என்று இன்று கருதுகிறார்கள். தமிழில் 'ங' என்று ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அதில் தொடங்கும் ஒரு சொல்லைக்கூட நாம் அன்றாடம் பேசுவதில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த எழுத்து எனக்கு முதன்முதலாக உதவியது இந்தப் பெயரை எழுதத்தான்.

உருண்ட்ஜெரி, டாங்குருங், ஜாஜா உருங் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் நிலங்கள் சந்திக்கும் இடம் அது. ஒரு கூட்டத்தார் மட்டும் வாழ்ந்த ஊர் என்பதைவிட, பலர் கூடிச் சடங்கு செய்து, பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம் என்று சொல்லலாம். படத்தில் இர்மா, இந்த மலை பத்து லட்சம் ஆண்டுகளாக நமக்காகவே காத்திருந்தது என்ற பொருளில் சொல்கிறாள். சின்னப் பெண், விளையாட்டாகத்தான் சொல்கிறாள். ஆனால் குடியேற்றவாதத்தின் மொத்தச் சித்தாந்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நிலம் காலியாக இருந்தது, எங்களுக்காகக் காத்திருந்தது. ஆஸ்திரேலியச் சட்டமும் அந்த நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகவே நடத்தியது. அந்தப் பொய்யை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1992இல், மாபோ வழக்கில்தான்.

வெள்ளையர்கள் மெல்போர்னில் குடியேறியது 1835இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆட்டு மந்தைகள் வடக்கே ஏறிவிட்டன. பூர்வகுடிகளின் கிழங்குத் தோட்டங்களை ஆடுகள் தின்று தீர்த்தன. பசித்தவர்கள் ஆட்டைப் பிடித்தார்கள். 1838, 1839 ஆண்டுகளில் காம்பஸ்பி ஆற்றுச் சமவெளியில், அந்த மலையிலிருந்து அதிக தூரமில்லாத இடங்களில், ஆட்டுக்குப் பழிவாங்க மனிதர்களைச் சுட்டார்கள். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பெரியம்மை அதற்கு முன்பே வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. ஒரே தலைமுறையில், 1860களின் தொடக்கத்தில், விக்டோரியா முழுவதிலும் பூர்வகுடிகளின் எண்ணிக்கை சுமார் 2000 என்று அரசே கணக்கெடுத்தது.

இந்த மறைவில் மர்மம் எதுவும் இல்லை. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, அதிகாரிகள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் அழிந்துபோகவில்லை. 'மறைந்துகொண்டிருக்கும் இனம்' என்று அந்தக் காலத்தில் இரக்கத்தோடு எழுதியவர்கள் எல்லோரும், மறையவைக்கும் வேலைக்கு உதவினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். 1863இல் சைமன் வோங்கா, வில்லியம் பராக் என்ற தலைவர்கள் தங்கள் மக்களை அழைத்துக்கொண்டு மலை தாண்டி நடந்துபோய் கொரண்டர்க் என்ற இடத்தில் குடியேறினார்கள். காட்டைத் திருத்தினார்கள், வீடு கட்டினார்கள். பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் பயிரிட்டு நல்ல விலைக்கு விற்றார்கள். பயிர் நன்றாக வந்ததும் நிலத்தின்மேல் மற்றவர்களுக்குக் கண் வந்தது. வாரியம் அவர்களை அங்கிருந்து கிளப்பப் பார்த்தது. அவர்கள் மனு எழுதினார்கள், தூதுக் குழுவாக மெல்போர்னுக்கு சுமார் 60 கிலோமீட்டர் நடந்துபோய் அமைச்சர்களைப் பார்த்தார்கள். 1881இல் நாடாளுமன்ற விசாரணையே வரவைத்து, அதில் தாங்களே சாட்சி சொன்னார்கள். மனு எழுதுவது, நடந்துபோவது, சாட்சி சொல்வது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இது புதிய கதையாக இருக்காது.

அரசு சட்டத்தால் பதில் சொன்னது. 1886இல் விக்டோரியா ஒரு சட்டம் போட்டது. 34 வயதுக்கு உட்பட்ட, 'கலப்பு ரத்தம்' என்று அரசு முத்திரை குத்தியவர்கள் குடியிருப்புகளை விட்டு வெளியேற வேண்டும். உழைக்கிற வயதில் இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள், குடும்பங்கள் உடைந்தன. ஆள் குறைந்ததும் நிலம் அதிகம் என்றார்கள். 1893இல் கொரண்டர்க் நிலத்தில் பாதியைப் பிடுங்கினார்கள், 1924இல் குடியிருப்பையே மூடினார்கள். ஒரு சமூகத்தைத் தாளில் எப்படிக் காணாமல் போகச் செய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வெளியேறியவர்கள் அரசின் கணக்கில் பூர்வகுடிகளே இல்லை.

கற்பனை மாணவிகள் காணாமல் போன 1900 பிப்ரவரியில், வில்லியம் பராக் உயிரோடு இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஹேங்கிங் ராக்கிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், கொரண்டர்க்கில் உட்கார்ந்து கரியும் காவிமண்ணும் கொண்டு தன் மக்களின் சடங்குகளை ஓவியமாக வரைந்துகொண்டிருந்தார். இறந்தது 1903இல். படத்தின் கதை நடக்கும் அதே 1900இன் ஜூலையில் லண்டன் நாடாளுமன்றம் ஆஸ்திரேலிய அரசமைப்புக்கு ஒப்புதல் தந்தது. நாட்டு மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அதன் 127ஆம் பிரிவு சொன்னது. பக்கத்தில் இருக்கிற மனிதரை எண்ணாமல் விட்டுவிட்டு, இல்லாத பெண்ணைத் தேடுவது இப்படித்தான் சாத்தியமாகிறது.

'காட்டில் தொலைந்த வெள்ளைக் குழந்தை' என்பது ஆஸ்திரேலியக் கலையில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். ஓவியர் ஃபிரெடரிக் மெக்கபின் 'லாஸ்ட்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தது 1886இல். புதர்களுக்கு நடுவில் தனியாக நின்று அழும் ஒரு வெள்ளைச் சிறுமி. ஆண்டைப் பார்த்தீர்களா? பூர்வகுடிக் குடும்பங்களைப் பிரித்த சட்டம் வந்த அதே ஆண்டு. ஓவியருக்கும் சட்டத்துக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு யாருடைய குழந்தைக்காகக் கண்ணீர் விட முடிந்தது, யாருடைய குழந்தைக்காக முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். எல்ஸ்பத் டில்லி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 2012இல் ஒரு புத்தகமே எழுதினார். நிலத்தைப் பிடுங்கியவர்கள் தங்களையே அந்த நிலத்தின் பலியாட்களாகக் காட்டிக்கொள்ள இந்தக் கதைகள் உதவுகின்றன என்பது அவருடைய வாதம்.

உண்மையிலேயே தொலைந்த குழந்தைகளும் உண்டு. 1864 ஆகஸ்டில் விக்டோரியாவின் விம்மெரா பகுதியில் டஃப் குடும்பத்தின் மூன்று குழந்தைகள் காட்டில் வழி தவறினார்கள். ஊரே திரண்டு ஒரு வாரம் தேடியும் கிடைக்கவில்லை. பிறகுதான் தடம் பார்க்கத் தெரிந்த பூர்வகுடிகள் மூன்று பேரை வரவழைத்தார்கள். மழையில் அழிந்துபோன தடத்தை, முறிந்த குச்சியிலும் மடங்கிய புல்லிலும் படித்து, ஒன்பதாம் நாள் மூன்று குழந்தைகளையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். நம் இருளர் தோழர்கள் பாம்புத் தடம் பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திறமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் டிக்-அ-டிக். 1868இல் இங்கிலாந்துக்குப் போன பூர்வகுடி கிரிக்கெட் அணியில் இவரும் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து போய் விளையாடிய முதல் அணி அதுதான். ஆட்டம் முடிந்ததும், தன்மேல் வீசப்படும் பந்துகளைச் சின்னக் கேடயத்தால் தடுத்துக் காட்டும் வித்தைக்காரராகவும் அவரை நிறுத்தினார்கள். டஃப் குழந்தைகளில் தம்பியைத் தன் உடுப்பால் போர்த்திய அக்கா ஜேன் பாடப்புத்தகத்தில் ஏறினாள், அவளுக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. டிக்-அ-டிக்கின் பெயரைப் பாடத்தில் படித்தவர்கள் குறைவு.

லிண்ட்சேயின் நாவலிலும் தடம் பார்க்கும் ஒரு பூர்வகுடி வருகிறார். தேடுவதற்காகக் கூட்டி வரப்படுகிறார், அவருக்குப் பெயர் இல்லை, போய்விடுகிறார். படத்தில் வாய் திறந்து பேசும் பாத்திரமாக ஒரு பூர்வகுடிகூடக் கிடையாது.

படத்துக்கு எல்லாமே கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். சாரா என்ற அனாதைப் பெண்ணைப் படம் நன்றாகப் பார்க்கிறது. அவளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகவில்லை. கட்டணம் பாக்கி. விடுதிக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியை மிரட்டுகிறார். கடைசியில் அவள் இறந்து கிடக்கிறாள். குதிரை லாயத்தில் வேலை செய்யும் ஆல்பர்ட் தன் தொலைந்துபோன தங்கையைப் பற்றிப் பேசுகிறான். அந்தத் தங்கைதான் பக்கத்துக் கல்லூரியில் இருந்த சாரா என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. குழந்தைகள் காப்பகங்களில் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்கு மிராண்டாவைவிட சாராதான் ரொம்ப நாள் மனதில் நின்றாள். மிராண்டாவைத் தேட ஊரே கிளம்புகிறது. சாரா இல்லை என்பது ஒரு நாள் முழுக்க யாருக்கும் உறைக்கவில்லை. வர்க்கத்தின் இந்தக் கணக்கைப் பிடித்த படம், தன் காலடி நிலத்தின் கணக்கை விட்டுவிட்டது.

அந்த ஆண்டுகளில் இது தெரியாத விஷயமும் அல்ல. நாவல் வந்த 1967இல்தான், மே 27 அன்று, 127ஆம் பிரிவை நீக்குவதற்கு ஆஸ்திரேலியர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்தார்கள். படம் முதலில் திரையிடப்பட்டது 1975 ஆகஸ்டில். அதே மாதம் 16ஆம் தேதி பிரதமர் காஃப் விட்லம், குரிண்ட்ஜி மக்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை ஊற்றினார், நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு அடையாளமாக. 1966இல் மாட்டுப் பண்ணையிலிருந்து வேலையை விட்டு வெளியே நடந்த அந்தத் தொழிலாளர்கள் அதற்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் ஒரு பக்கம் அந்த மண், இன்னொரு பக்கம் மிராண்டாவின் வெள்ளை உடை.

நாவல் வந்து 50 ஆண்டு ஆன 2017இல் ஏமி ஸ்பியர்ஸ் என்ற வெள்ளையினக் கலைஞர் 'மிராண்டா போக வேண்டும்' என்று ஒரு இயக்கம் தொடங்கினார். படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. மலைக்கு வருகிறவர்களிடம் நடக்காத கதையை மட்டும் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். பலருக்குக் கோபம் வந்தது. எங்கள் குழந்தைப்பருவத்தின் கதையைப் பறிக்காதே என்றார்கள்.

எங்கள் வகுப்பிலும் ஒரு மாணவர் கேட்டார். "அதெல்லாம் பழசுதானே அக்கா, இப்ப என்ன?" அவருக்காக இதைச் சொல்கிறேன். நியூ சவுத் வேல்ஸில் பவ்ராவில் என்று ஒரு சின்ன ஊர். 1990 செப்டம்பர் முதல் 1991 பிப்ரவரிக்குள், ஐந்தே மாதத்தில், பூர்வகுடிகள் வாழும் ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் காணாமல் போனார்கள். 16 வயதுப் பெண், 4 வயதுக் குழந்தை, 16 வயதுப் பையன். புகார் கொடுக்கப் போன குடும்பங்களிடம், எங்காவது ஊர் சுற்றப் போயிருப்பார்கள் என்ற தோரணையில் போலீஸ் பேசியது. பூர்வகுடிகள் என்றாலே திடீரென்று கிளம்பிவிடுவார்கள் என்று வெள்ளையர்கள் பேசும் அதே பேச்சு. இரண்டு உடல்கள் பிறகு கிடைத்தன. அந்தப் பெண்ணின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை, ஆற்றில் துணிதான் கிடைத்தது. 1994, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வழக்கு விடுதலையில் முடிந்தது. 2016இல் மாநிலக் காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டார். மறு விசாரணை கேட்ட மனு 2018இல் தள்ளுபடி ஆனது. பூர்வகுடிப் பெண்களும் குழந்தைகளும் காணாமல் போவதையும் கொல்லப்படுவதையும் பற்றி ஆஸ்திரேலிய செனட் விசாரித்து அறிக்கை கொடுத்ததே 2024 ஆகஸ்டில்தான்.

"எங்காவது போயிருப்பா, வந்துருவா." பெண்ணைக் காணோம் என்று அழுத ஒரு அம்மாவோடு ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த நாளில், நானும் இதைக் கேட்டிருக்கிறேன். எந்தத் தெரு என்று முதலில் கேட்டார்கள். தெருப்பெயரைச் சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. பவ்ராவிலும் நம் ஊரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இழந்தது ஒரு கண்டத்தின் நிலம், அவர்கள் வரலாறு வேறு. ஆனால் அந்த வாக்கியத்தை நாம் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொள்கிறோம்.

அடுத்த மாதம் 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' போடலாம் என்று இருக்கிறேன். ஃபிலிப் நாய்ஸ் 2002இல் எடுத்த படம். பூர்வகுடித் தாய்மார்களிடமிருந்து அரசு பிடுங்கிக்கொண்டுபோன மூன்று சிறுமிகள், 1931இல் காப்பகத்திலிருந்து தப்பி, முயல் தடுப்பு வேலியையே வழியாகப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டை நோக்கி நடந்த உண்மைக் கதை. மூத்தவளின் மகள் டோரிஸ் பில்கிங்டன் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. இதிலும் தடம் பார்ப்பவர் ஒருவர் வருகிறார், டேவிட் கல்பிலில் நடித்திருக்கிறார். இந்த முறை அவருக்குப் பெயர் உண்டு, மூடு. அவரைப் பின்னால் அனுப்புவது அரசு. அவர் அந்தச் சிறுமிகளின் தடத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்கிறார், என்ன சொல்லாமல் விடுகிறார் என்று கவனித்து வாருங்கள், படம் முடிந்ததும் அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

ஞாயிறு மாலை 5 மணி, அதே இடம். தரையில்தான் உட்கார வேண்டும்.